மீனம்பாக்கத்து வாசல்

ஜனவரி 19
சென்னையில் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியின் கடிதம் வந்துவிட்டது. அம்மாவின் பெயர் பிழை. முதலெழுத்தை முன்னுக்குப் போட்டு, நடுவில் ஒரு பெயரை விட்டிருக்கிறார்கள். பாஸ்போட்டில் குடும்பப் பெயர் ஒரு வரியிலும் மற்றப் பெயர்கள் அடுத்த வரியிலும் இருக்கின்றன. விசாப் படிவம், ரிக்கெற், ஆஸ்பத்திரிக் கடிதம் மூன்றிலும் அதே எழுத்துக்கூட்டல், அதே வரிசைதான் வரவேண்டும். முதலெழுத்தே வேண்டாம், முழுப்பெயர் போடுங்கள் என்று பாஸ்போட் பக்கத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியாயிற்று.

ஜனவரி 21
திருத்தின கடிதம் பின்னேரம் வந்தது. உடனே விசாப் படிவம் நிரப்ப இருந்தாயிற்று.

அம்மாவுக்கு இந்திய மருத்துவ இ-விசா, இணையத்திலேயே எடுப்பது. கூடப் போகிறவருக்கு அதற்கென்றே தனி இ-விசா உண்டு, ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வரை. சுற்றுலா விசாவில் போய் அங்கே வைத்தியம் பார்க்கலாம் என்று சொல்கிறவர்களின் கதையைக் கேட்கக்கூடாது. மருத்துவ விசா முதல் நுழைவிலிருந்து 60 நாள், மூன்று தரம் உள்ளே போகலாம். திரும்பப் பரிசோதனைக்கு வரச்சொன்னால் அந்த மூன்று தரமும் தேவைப்படும்.

படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், 1 எம்பிக்குள். பாஸ்போட் பக்கமும் கடிதமும் பிடிஎஃப் ஆக, ஒவ்வொன்றும் 300 கேபிக்குள். ஸ்ரூடியோவில் ஸ்கான் பண்ணித் தந்தது 2 எம்பி. சுருக்கினால் பாஸ்போட்டின் அடியில் உள்ள இரண்டு வரி அம்புக்குறி எழுத்துகள் கலங்கிவிடுகின்றன. முழுத்தாளையும் சுருக்காமல் பக்கத்தின் ஓரத்தை வெட்டிவிட்டுச் சுருக்கியதும் 240க்கு வந்தது, எழுத்தும் தெளிவு. விசாப் படிவத்தின் முதற் பக்கத்தில் வரும் தற்காலிக இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவைத்தது நல்லதாய்ப் போயிற்று. பாதியில் கரண்ட் போனது, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

விசாத் தளத்தின் முகவரியின் கடைசியில் ஜிஓவி டொட் இன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். அதே நிறத்தில், அதே சின்னத்தோடு காசு பிடுங்கும் தளங்கள் நிறைய.

ஜனவரி 22
அம்மாவுக்குப் படிதான் கஷ்டம். பிளேனால் இறங்கும் படி எத்தனை? ஒருவரும் சரியாகச் சொல்கிறார்கள் இல்லை.

ஜனவரி 25
யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போவது ஏடிஆர் 72, விசிறி வைத்த சின்னப் பிளேன். இதில் ஏறுவது வால் பக்கக் கதவால். முன்பக்கம் சாமான் அடுக்கும் இடம். படி கதவோடு சேர்ந்தது, கதவை இறக்கினால் அதுவே படி. பெரிய பிளேனுக்குக் கொண்டுவந்து வைக்கிற மாடிப்படி மாதிரி உயரமில்லை, சில படிகள்தான். ஒடுக்கம், ஆனால் பிடி இருக்கிறது. ஆகவே கடைசி வரிசைகளில் இருக்கை எடுக்கவேண்டும். முன்னுக்கு இருந்தால் அந்த ஒடுக்கமான நடைவழி முழுக்க நடக்கவேண்டும், விசிறியின் சத்தமும் கூட.

சக்கரநாற்காலி கேட்கும்போது 'வீல்செயார்' என்று மட்டும் சொன்னால் காணாது. அதில் மூன்று வகை. ஆர் என்றால் படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்கமாட்டார். எஸ் என்றால் படி ஏறமாட்டார், உள்ளே இருக்கை வரை நடப்பார். சி என்றால் இருக்கை வரை தூக்கவேண்டும். ஆர் என்று பதிந்துவிட்டால் படியடியில் நாற்காலியை நிறுத்திவிட்டு "ஏறுங்கோ அம்மா" என்பார்கள். எஸ் என்று பதிந்தாயிற்று. 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லவேண்டும், சொன்னது ரிக்கெற்றில் அச்சாகியிருக்கவேண்டும். வாயால் சொன்னது கணக்கில்லை.

பறப்பு ஒன்றேகால் மணித்தியாலம் அளவு. மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

ஜனவரி 30
இரண்டு விசாவும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் இரண்டு பிரதி அச்செடுத்தாயிற்று.

பெப்ரவரி 1
அறை. சென்னை கிரீம்ஸ் ரோட்டுப் பக்கம் லொட்ஜ் நிறைய, விலையும் பரவாயில்லை. வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் தங்கினால் ஃபோம் சி என்று எல்லாரும் சொல்லும் பதிவை (2025 இலிருந்து அதன் பெயர் ஃபோம் 3) லொட்ஜ்காரர் 24 மணித்தியாலத்துக்குள் அனுப்பவேண்டும். அந்தப் பதிவு வசதி இல்லாத இடங்கள் வாசலில் வைத்தே அறை இல்லை என்றுவிடும். தமிழிலேயே கதைப்பதால் நாங்கள் வெளிநாட்டுக்காரர் என்பது அவர்களுக்குப் பாஸ்போட்டை நீட்டும்போதுதான் தெரியும். ஆகவே போனில் முதற் கேள்வியே, "நாங்க யாழ்ப்பாணம், இலங்கைப் பாஸ்போட், ஃபோம் சி போடுவீங்களா?" மூன்று இடம் இல்லை என்றது. நாலாவது, "போடுவோம் சார், விசா காப்பி அனுப்பிடுங்க." அடுத்த கேள்வி, லிஃப்ற் இருக்கிறதா, தெருவிலிருந்து லிஃப்ற் வரைக்கும் எத்தனை படி. இரண்டு படி. அது சமாளிக்கலாம்.

பெப்ரவரி 3
நித்திரை வரவில்லை. திரும்பவும் சென்னை விமான நிலைய வாசல் பற்றிய யோசனைதான்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெளிக்கதவைத் தாண்டிவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். காசு மாற்றுவது, முன்பணம் கட்டி டாக்ஸி எடுப்பது, கழிவறை எல்லாம் கதவுக்கு இந்தப் பக்கமே முடிக்கவேண்டும். நாற்காலி தள்ளிவரும் தம்பியிடமும் எங்கு வரை வருவீர்கள் என்று கதவுக்கு முன்னமே கேட்கவேண்டும். எல்லாச் சிக்கலும் அந்தக் கடைசி இருநூறு முந்நூறு மீற்றரில்தான்.

செயலியில் கூப்பிடும் கார் வாசலுக்கு வராது. எதிர்ப்பக்கத்துப் பல அடுக்குக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும். பெட்டியும் அம்மாவுமாய் அங்கு போய், சாரதியைப் போனில் தேடி, ஓரிடத்தில் சந்திக்கவேண்டும். விலை குறைவுதான், ஆனால் எங்களுக்குச் சரிவராது. முன்பணம் கட்டும் டாக்ஸியில் காசு அதிகம் எடுப்பார்கள், துண்டில் இடமும் தொகையும் இருக்கும். அந்தத் துண்டை இறங்கும் இடத்தில்தான் சாரதியிடம் கொடுக்கவேண்டும்.

மெற்றோவையும் தள்ளிவிட முடியவில்லை. விமான நிலையத்துக்கு 2016 இலேயே வந்துவிட்டது. நீல வழியில் ஏறினால் ஆலந்தூர், கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை என்று நேரே எங்கள் லொட்ஜ் பக்கமுள்ள ஆயிரம் விளக்கு, மாறி ஏறத் தேவையில்லை. வடபழனி, கோயம்பேடு போகிறவர்கள் ஆலந்தூரில் பச்சை வழிக்கு மாறவேண்டும், எங்களுக்கு அது இல்லை. முழுப் பயணமும் 50 ரூபாய்க்கு மேல் போகாது. மேடையும் ரயிலும் ஒரே மட்டம், எல்லா நிலையத்திலும் லிஃப்ற். படி என்று பார்த்தால் மெற்றோவில் படியே இல்லை! நடைதான் கூட. டாக்ஸியில் நடை இல்லை, ஆனால் அண்ணா சாலையில் சைதாப்பேட்டைக்கும் தேனாம்பேட்டைக்கும் இடையில் மேம்பால வேலை, பின்னேரம் அகப்பட்டால் பதினைந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம் கூடப் போதாது.

திரிசூலம் ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கிறது, மலிவு என்கிறார்கள். சுரங்கப்பாதைப் படி. வேண்டாம்.

பெப்ரவரி 4
டாக்ஸிதான்.

பெப்ரவரி 6
அலுமாரிக்குள் இந்தியக் காசு ஒரு கட்டு. முந்திப் போய்வந்தவர்கள் கொடுத்தது. 500 ரூபாய்த் தாளின் பின்பக்கம் செங்கோட்டை இருந்தால் செல்லும். தண்டி யாத்திரை இருந்தால் 2016 நவம்பரோடு முடிந்தது. ஒன்பது தாளில் ஏழு தண்டி யாத்திரை. 2000 ஒன்றும் கிடந்தது. அதை 2023 இல் திரும்ப எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், கடையில் வாங்கமாட்டார்கள்.

உள்ளூர் சிம்மின் ரோமிங்கைப் போட்டுவிடவேண்டும். தரவு தேவையில்லை, எஸ்எம்எஸ் வந்தால் போதும். விமான நிலைய வைஃபையும் வங்கி அட்டையும் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறை இலக்கத்தை (ஓரிபி) கேட்கும். இந்திய சிம் வாங்கினாலும் இயங்கத் தொடங்க நேரம் எடுக்கும்.

சார்ஜரின் சதுர முள் அங்கே பொருந்தாது. பழைய உருண்டை முள் பிளக் ஒன்று தேடவேண்டும்.

பெப்ரவரி 7
வானம் மூட்டம். நெஞ்சு அடித்தது. மாசிக்கு ரிக்கெற் எடுத்ததே மழைக்குப் பயந்துதான். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் சென்னை ஓடுபாதையில் வெள்ளம் ஏறி நிலையத்தையே மூடினார்கள். பின்னேரம் வெளித்துவிட்டது.

பெப்ரவரி 9
வருகை அட்டை இணையத்தில் நிரப்பியாயிற்று. இறங்குவதற்கு முந்தின 72 மணித்தியாலத்துக்குள்தான் நிரப்பலாம், இலவசம். தங்குமிட முகவரியும் கேட்கும்.

குடிவரவில் கைரேகை எடுப்பார்கள். அம்மாவின் விரல்நுனிகள் வழவழவென்று தேய்ந்து கிடக்கின்றன. பெருவிரலில் கோடே தெரியவில்லை, சுட்டுவிரலில் குறுக்கே ஒரு பழைய அரிவாள் வெட்டு. காய்ந்த விரலைக் கண்ணாடி பிடிக்காது. இரவு நல்லெண்ணெய் பூசி, காலையில் துடைத்து, வரிசையில் நிற்கும்போது ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். சொட்டச் சொட்ட வைத்தாலும் பிடிக்காது.

கைப்பையில்: மருந்துகள் மருத்துவத் துண்டோடு, கண்துளி, பவர் பாங்க், கடிதம், விசாப் பிரதி. பெட்டியில்: மிளகாய்த்தூள், பனங்கட்டி, புழுக்கொடியல். தூளைக் கைப்பையில் வைத்தால் எடுத்துப் போடுவார்கள். திரும்பி வரும்போது கொப்பரைத் தேங்காயைப் பெட்டியிலும் விடமாட்டார்கள்.

பெப்ரவரி 10
பலாலி வீதியால், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான். விடிய வெளிக்கிடவேண்டும்.

மெற்றோவுக்குப் போகும் வழியில் நகரும் நடைபாதை இருக்கிறதாம். அதில் அம்மா நிற்பாவா?