செத்தவருக்கு வந்த பட்டம்
அந்தமான் போறவங்க ஹேவ்லாக் தீவுன்னு சொல்வாங்கல்ல, இப்போ ஸ்வராஜ் த்வீப், அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஜெனரல் ஹென்றி ஹேவ்லாக், 1857-ல லக்னோவுக்குள்ள பூந்த பிரிட்டிஷ் தளபதி. அவரோட பட்டத்துக் கதை செம கூத்து. 1857 நவம்பர் 24 அன்னிக்கு லக்னோவுலயே சீதபேதியில ஆள் காலி. சேதி இன்னும் லண்டன் போய்ச் சேரல, ரெண்டே நாள்ல, 26-ஆம் தேதி, அங்க இவருக்கு பேரோனெட் பட்டம் குடுத்துட்டாங்க! அது வம்சத்துக்கே வர்ற 'சர்', ஆனா வாங்கிக்க ஆளே உயிரோட இல்லையே. அப்புறம் 1858 ஜனவரில மகன் பேருக்குப் புதுசா ஒரு பட்டம் எழுதினாங்க.

அந்த மகனும் ராணுவம்தான், கான்பூர் சண்டைக்கு பிரிட்டனோட உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினவரு, அதுக்கு சிபாரிசு பண்ணது யாருன்னா சாட்சாத் அப்பாவேதான் (நம்மூர் சிபாரிசெல்லாம் சும்மா)! அப்புறம் சொந்தக்காரர் ஒருத்தர் சொத்து வந்துச்சு, அதுக்காக 1880-ல பேரையே ஹேவ்லாக்-ஆலன்னு மாத்திக்கிட்டாரு, 1897-ல கைபர் கணவாய்ல அஃப்ரிதி பழங்குடிங்க கையில செத்தாரு. நாலாவதா அந்தப் பட்டம் வந்து சேர்ந்தது யாருக்கு தெரியுமா, ஒரு சினிமா புரொட்யூசருக்கு.