குழலின் நான்கு அங்குலம்

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் அவருடைய தேக்கு பீரோவைத் திறந்தோம். உள்ளே, தையல் மெஷின் எண்ணெய் மணக்கும் பழைய வேட்டியில் சுற்றி, தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. அதனுடன் லைசென்ஸ் புத்தகமும், பச்சை அட்டை மங்கிப்போன தோட்டாக்கள் ஆறும் இருந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் ஓடுகளைப் பிய்த்தெறிந்த இரவில் பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. குழல்வாய் கீழே இருக்கும்படி அதைச் சாய்த்து வைத்திருந்ததால், முனையிலிருந்து ஏறக்குறைய நான்கு அங்குலம் வரை துரு அரித்துப் பொரிப்பொரியாக இருந்தது. மீதிப் பகுதி மட்டும் இன்றும் கருநீலமாக மின்னியது.

சித்தப்பா மகன் நாடாவை எடுத்துவந்து குழலை அளந்தான். முப்பது அங்குலம் இருந்தது. "அண்ணே, துருப்பிடித்த நாலு அங்குலத்தை லேத் பட்டறையில் கொடுத்து அறுத்துவிடலாம், இருபத்தாறு மிச்சமிருக்கும், அது போதும்" என்றான். டெக்சாஸில் இருக்கும் அத்தை மகனிடம் அன்றிரவு தொலைபேசியில் இதைச் சொன்னபோது, அவரும் தயக்கமில்லாமல், "பதினெட்டுக்குக் கீழே போகாதவரை ஒன்றும் இல்லை மாப்பிள்ளை" என்றார். அவர் சொன்னது அவர் வாழும் நாட்டுக்குச் சரி. மன்னார்குடியில் அதைச் செய்திருந்தால் தம்பியும் நானும் பட்டறைக்காரரும் சேர்ந்து சிறைக்குப் போயிருப்போம். அலைபேசியில் வரும் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து, அந்த ஊர்ச் சட்டத்தையே துப்பாக்கிச் சட்டம் என்று நம் பிள்ளைகள் மனத்தில் பதித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டுத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சட்டம் அளவுகோலை வைத்துப் பேசுகிறது. 1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் இன்றைய நிலவரப்படி, ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, எங்கள் வீட்டில் இருப்பது போன்ற ரவைத் துப்பாக்கியின் (ஷாட்கன்) குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, குழலை வெட்டியதால் துப்பாக்கியின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, அது தனி வகையாகிவிடும். அதை மத்திய அரசிடம் பதிவு செய்தே தீர வேண்டும். சட்டம் வந்த நாளில் அதற்கான வரி 200 டாலர், அந்தக் காலத்தில் அது பெரும் பணம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் இருந்த அந்தத் தொகை, 2025-ல் கையெழுத்தான சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்குப் பூஜ்யமாகியிருக்கிறது. ஆனால் கைரேகை, புகைப்படம், விண்ணப்பம், ஒப்புதல் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஒப்புதல் கைக்கு வருவதற்கு முன் குட்டைக் குழலைப் பொருத்தினால் அது குற்றம் என்பதை மச்சானே அழுத்திச் சொன்னார்.

இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. முதலில் எழுதப்பட்ட மசோதாவில் பிஸ்டலும் ரிவால்வரும் இயந்திரத் துப்பாக்கிகளுக்குச் சமமாகச் சேர்க்கப்பட்டிருந்தன. சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகக்கூடிய கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்பதால், நீளத் துப்பாக்கியை அறுத்துக் குட்டையாக்கி எவரும் தப்பித்துவிடாதபடி குழல் நீள விதியும் கூடவே வைக்கப்பட்டது. விவாதத்தின்போது கைத்துப்பாக்கிகள் நீக்கப்பட்டுவிட, காவலுக்கு வைத்த விதி மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் அங்கே பத்து அங்குலக் குழலுள்ள பிஸ்டலுக்கு அந்தப் பதிவு தேவையில்லாமலும், அதே குழலுக்குப் பின்னால் தோளில் ஊன்றும் கட்டையைப் பொருத்திய உடனே தேவைப்பட்டும் நிற்கிறது. பிஸ்டலின் பின்புறம் பொருத்தி முன்கையில் கட்டிக்கொள்ளும் பட்டையைத் தோள்கட்டையாகக் கணக்கிடும் விதி ஒன்று 2023-ல் வந்து, மறு ஆண்டே நீதிமன்றத்தில் ரத்தானது. என் பார்வையில் அந்தச் சட்டம் தன் காரணத்தை இழந்துவிட்டது. ஆனாலும் அதை மீறுகிறவருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை உண்டு என்பதால் அங்கே இருப்பவர்கள் அதைக் கருத்தாகவே பின்பற்ற வேண்டும்.

நம் நாட்டில் கதையே வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலும் ஓர் அளவு இருக்கிறது. பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ லைசென்ஸ் கேட்பவருக்கு, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உட்புறம் வழவழப்பான துப்பாக்கி என்றால், மறுக்கத் தகுந்த காரணம் இல்லாதவரை லைசென்ஸ் தரப்பட வேண்டும் என்று பதின்மூன்றாம் பிரிவு சொல்கிறது. பயிரைக் காக்க விரும்பும் விவசாயிக்கு, குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை அதே பிரிவு அனுமதிக்கிறது. தம்பி இணையத்தில் இந்த இருபதைப் படித்துவிட்டுத்தான் இருபத்தாறு போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவன் கணக்கில் தவறில்லை, படித்த பிரிவுதான் தவறு. அந்த இருபது, லைசென்ஸ் கொடுப்பதற்கான அளவு. அறுப்பதைப் பற்றி ஆறாம் பிரிவு பேசுகிறது, அதில் அங்குலமே கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் எவரும் துப்பாக்கியின் குழலைக் குறுக்கக் கூடாது என்பதே அதன் வாசகம். முப்பதை இருபத்தொன்பதாக்கினாலும் குறுக்கியதுதான். இதற்கான லைசென்ஸ், பீரோவில் இருக்கும் லைசென்ஸ் புத்தகம் அல்ல. வைத்திருப்பதற்கு அது, குறுக்குவதற்கு வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் சிறை. லைசென்ஸ் இல்லாமல் பட்டறையில் புதிதாகத் துப்பாக்கி செய்பவருக்கும் அதே தண்டனைதான். சட்டத்தின் கண்ணில் ஆக்ஸா பிளேடால் நான்கு அங்குலம் அறுப்பவரும் நாட்டுத் துப்பாக்கி வார்ப்பவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் அமெரிக்கப் பழக்கத்துக்கும் இங்கே இடமில்லை, ஏனென்றால் ஆயுதம் என்பதற்குள் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கும் என்று நம் சட்டம் வரையறுத்திருக்கிறது. திருச்சியில் 1966-லிருந்து அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குவதால், "காவிரிக் கரையில் துப்பாக்கி செய்யத் தெரியாதவனா" என்று பெருமை பேசும் லேத் தொழிலாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்தத் திறமை வழக்கில் சிக்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

எங்கள் வீட்டில் நடந்த உண்மையான தவறு அறுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. லைசென்ஸ் வைத்திருப்பவர் எழுபது வயதை எட்டினாலோ, அந்தத் துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றில் எது முந்தியதோ அப்போதே, தாம் விரும்பும் வாரிசுக்கு அதை மாற்றிக்கொடுக்க விண்ணப்பிக்க 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வழி செய்கின்றன. பெரியப்பா எண்பத்து நான்கு வயதில் காலமானார். பதினான்கு ஆண்டுகள் அவகாசம் இருந்தும், "நான் இருக்கும்போதே பங்கு கேட்கிறார்களா" என்று அவர் வருந்துவாரோ என அஞ்சி எங்களில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் மூச்சு நின்ற நிமிடம் முதல் அந்தப் பீரோவில் இருந்தது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அப்படி வைத்திருப்பதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது இருபத்தொன்றாம் பிரிவு. நாங்கள் பதினாறு நாள் துக்கத்தில் அதை நினைக்கவே இல்லை. டெல்டாவின் பழைய மிராசு வீடுகள் பலவற்றில், வயல் கொக்கும் உள்ளானும் சுட்ட காலத்துத் துப்பாக்கிகள் இன்னும் பரணிலும் பீரோவிலும் உறங்குகின்றன. வேட்டை சட்டப்படி நின்றுபோய் எத்தனையோ ஆண்டுகள் ஆனாலும் துப்பாக்கிக்கான பொறுப்பு நிற்கவில்லை.

மறுநாள் காலையில் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி, அவர்கள் அனுப்பிய காவலருடனேயே துப்பாக்கியை எடுத்துச் சென்றோம். நிலைய எழுத்தர் லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை ஒப்பிட்டார், தோட்டாக்களை மேசைமேல் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ரசீதில் குழலின் நீளத்தையும் எழுதித் தரும்படி கேட்டேன். ஏன் என்று நிமிர்ந்து பார்த்தவரிடம் துருவைக் காட்டினேன். அவர் நாடா எடுத்து அளந்து, "முனையில் துரு, குழல் நீளம் 30 அங்குலம்" என்று எழுதி முத்திரை இட்டார். வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்திருக்கும் விண்ணப்பத்துடன் அந்த ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.