ஃபிரேமை முடிவு செய்த பிறகுதான் வெளிச்சம்

நிலக்காட்சிப் படங்கள் எடுக்கத் தொடங்குபவர்களிடம் இரண்டு குறைகள் அடிக்கடி சேர்ந்தே வரும். வானம் வெளுத்திருக்கும், தரை வெறிச்சோடிக் கிடக்கும். முதலாவது எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) குறை, இரண்டாவது காம்போசிஷன் (ஃபிரேமுக்குள் எதை எங்கே வைப்பது) குறை என்று பிரித்துப் பார்ப்பதால்தான் இரண்டுமே சரியாவதில்லை. தொடுவானத்தை எங்கே வைக்கிறீர்களோ, அதைப் பொறுத்தே ஒளியை அளக்கும் மீட்டரின் கணக்கு மாறுகிறது.

கேமரா மீட்டர், ஃபிரேமில் இருப்பதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். முக்கால் பங்கு கரும்பாறையும் காடும் என்றால் அவற்றை வெளிச்சமாக்கும், மேலே வானம் எரிந்துவிடும், அதாவது விவரமின்றி வெளுத்துவிடும். வானத்துக்கு நிறைய இடம் கொடுத்தால் தரை கருத்துவிடும். பனியும் வெண்மணலும் அழுக்குச் சாம்பலாக வருவதும் இதனால்தான். அங்கே மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 முதல் +1.5 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) ஏற்றுங்கள்.

எனவே முதலில் ஃபிரேம். மேகமே இல்லாத வானத்துக்கு மேலே ஒரு கீற்று போதும். முன்புறத்தில் பாறையோ, செடியோ, நீரோட்டமோ கண்ணுக்குப் பிடி கொடுக்க வேண்டும். அதற்குக் கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். ரொம்பவும் தாழ்த்தினால் முன்னிருக்கும் பாறை பின்னால் உள்ள ஏரியை மறைத்து, இரண்டும் ஒட்டிப்போய் ஆழம் காணாமல் போகும். இரண்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி தெரியும்வரை மெல்ல உயர்த்துங்கள். இந்த ஒரு சாண் உயர வித்தியாசம், ஃபிரேமை மூன்றாகப் பிரித்து முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதியைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும் என்பது என் உறுதியான கருத்து. மலைதான் முக்கியம் என்றால் வைட் லென்ஸ் அதைக் குன்றாக்கிவிடும்; 70 மி.மீ.க்கு மேல் போங்கள். கடைசியாக நான்கு ஓரங்களையும் சுற்றிப் பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கிளையும் மூலையில் மின்னும் வெள்ளைத் திட்டும் பார்வையை வெளியே இழுத்துவிடும்.

இனி வெளிச்சம். அப்பர்ச்சர் பிரையாரிட்டி (லென்ஸ் துளையை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும் முறை), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, துளை எஃப்/8 அல்லது எஃப்/11 (எண் கூடினால் துளை சிறிது), ரா ஃபைல் (கேமரா சுருக்கி மெருகேற்றாத மூலப்பதிவு). எஃப்/16-ஐத் தாண்டினால், சிறு துளையில் ஒளி விலகிப் பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுவதும் கூர்மை குறையும். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 24 மி.மீ., எஃப்/11 என்றால் சுமார் 1.8 மீட்டரில் ஃபோகஸ் செய்யுங்கள், 0.9 மீட்டரிலிருந்து தொலைவு வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். டிரைபாடில் 2 விநாடி டைமர் வையுங்கள், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். காற்றில் செடிகள் ஆடினால் டிரைபாட் உதவாது. ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றி ஷட்டரை 1/250 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். சிறிது நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான கரகரப்பு) வந்தால் பரவாயில்லை, ஆடிய இலையைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஒரு படம் எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்புறம் இருட்டு, வலப்புறம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். திரையை நம்பாதீர்கள்; இருட்டில் கருத்த படமும் அதில் பளிச்சென்று தெரியும். வளைவு வலது சுவரில் மோதி நின்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை 0.7 ஸ்டாப் இறக்கி மறுபடி எடுங்கள். ராவில் எடுத்தாலும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்தே காட்டப்படுவதால், துளியூண்டு மோதலை எடிட்டிங்கில் மீட்க முடியும். சூரிய வட்டம் மட்டும் எரிந்தால் விட்டுவிடுங்கள். முற்றிலும் எரிந்த மேகத்தில் மீட்க எதுவும் இருக்காது. நிழலை இரண்டு ஸ்டாப் தூக்கினாலோ, நாய்ஸ் கூடும், விவரம் கிடைத்துவிடும்.

வானத்துக்கும் தரைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் அதற்கும் அடங்காது என்றால் −2, 0, +2 என மூன்று படங்கள் எடுத்து இணைக்கலாம். ஆனால் அலையும் ஆடும் கிளையும் இரட்டை உருவமாக வரும். அங்கே 0.9 கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பாதி கருத்து, கீழே தெளிவாக இருக்கும் கண்ணாடி) நல்லது. வானத்தை 3 ஸ்டாப் குறைக்கும். தொடுவானம் நேராக இருக்கும் கடற்கரைக்கு அது பொருந்தும். மலைமுகடு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் முகட்டையும் சேர்த்துக் கருக்கிவிடும் என்பதால், மலைப்பகுதியில் மூன்று படங்களே மேல்.