பின்னேரம் மாவை யார் அரிப்பது?

திருகோணமலையில் இயன்மருத்துவராக வேலை செய்கிற எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வசனம் ஒன்று உண்டு. "நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிறன் பிள்ளை, இதுக்கு மேல என்ன எக்சசைஸ்?" வலை இழுக்கிற ஐயா, தையல் மெஷினில் குனிந்தே கிடக்கிற அக்கா, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற அம்மா, எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உடம்பு அசைந்தால் மனம் தெளியும் என்றால் இவர்கள்தானே ஊரிலேயே உற்சாகமாக இருக்க வேண்டும்?

ஆனால் மூட்டு வலியோடு வருகிற இவர்களில் பலர் நித்திரை இல்லை, தொட்டதுக்கெல்லாம் எரிச்சல் வருகிறது என்றும் சொல்வார்கள். ஓய்வுநேரத்தில் விரும்பிச் செய்கிற நடைக்கும் நல்ல மனநிலைக்கும் காணப்படுகிற தொடர்பு, பிழைப்புக்காகச் செய்கிற உழைப்பில் அப்படித் தெரிவதில்லை என்றே ஆய்வுகளும் காட்டுகின்றன. வேலையில் வேகமும் நம் கையில் இல்லை, இளைப்பாறுவதும் நம் கையில் இல்லை. அதுதான் காரணமென்று நான் நினைக்கிறேன்.

இடியப்ப அம்மாவுக்குத் தொடைத் தசைப் பயிற்சியோடு பின்னேர நடையையும் எழுதிக் கொடுத்தேன். உட்துறைமுக வீதியில், பக்கத்து வீட்டுக்காரியோடு, கதைக்க முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். அடுத்தடுத்த கிளினிக்குகளில் முழங்கால் பெரிதாக மாறவில்லை, ஆள் மாறியிருந்தார். முன்பு கட்டிலில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு "கெதியா முடியுங்கோ" என்பவர், இப்போது காலை நீட்டி மடக்கியபடியே, மான் ஒன்று யாரோ ஒருவரின் பையிலிருந்து கீரைக்கட்டை இழுத்துக்கொண்டு ஓடிய கதையைச் சொல்லிச் சிரித்தார். எங்கள் ஊர் மான்களுக்கு மனிதரென்றால் பயமே இல்லை. நித்திரை எப்படி என்று கேட்டேன். "படுத்தது தெரியும், எழும்பினது தெரியும்."

இதற்கெல்லாம் வலியைத் தணிக்க உடம்பு சுரக்கிற எண்டோர்பின்தான் காரணம் என்பார்கள். ஆனால் இரத்தத்தில் கூடுகிற எண்டோர்பின் மூளைக்குள் லேசில் நுழையாது. எண்டோகன்னாபினாய்டுகள், அதாவது கஞ்சாவில் உள்ளவை போல உடம்பே உண்டாக்குகிற பொருட்கள், கொழுப்பில் கரைவதால் உள்ளே போய்விடும். அந்த இதத்தில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இப்போது கருதுகிறார்கள். மெதுவாக நடக்கிற மாற்றமும் உண்டு. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வாரம் 3 நாள் 40 நிமிடம் வீதம் ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு, நினைவாற்றலோடு தொடர்புடைய மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. தசையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. கிளினிக்கில் இதையெல்லாம் நான் சொல்வதில்லை. இரவு நித்திரை வரும் என்றால்தான் ஆட்கள் நடப்பார்கள். மனச்சோர்வுக்குக் குளிசை எடுப்பவர்களிடம் மட்டும், நடக்கத் தொடங்கியதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

பெண்களுக்கு நடை எழுதினால் வீட்டில் இன்னொருவரையும் கூப்பிட்டுப் பேசிவிடுவேன். பின்னேரம் மாவை யார் அரிப்பது என்று முடிவாகாமல் யாரும் வாசலைத் தாண்டப் போவதில்லை. அந்த அம்மாவின் வீட்டில் இப்போது மகன்தான் அரிக்கிறான். அரித்த மாவிலும் கட்டி கிடக்கிறது என்று அவருக்கு ஒரே முறைப்பாடு.