மெஸ் என்றால் முதலில் சாப்பாடு

மெஸ் என்கிற ஆங்கிலச் சொல்லுக்கு அலங்கோலம், குழப்பம் என்று மட்டும் பள்ளியில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் மயிலாப்பூர்ப் பக்கம் கற்பகாம்பாள் மெஸ், ராயர் மெஸ் என்று பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உண்மையில் சாப்பாடுதான் இதில் மூத்த பொருள். லத்தீனில் அனுப்புவது, வைப்பது என்ற வினையிலிருந்து பழைய பிரெஞ்சுக்கு வந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது, மேசையில் கொண்டுவந்து வைக்கிற ஒரு பங்கு உணவைத்தான் அது குறித்தது. பைபிள் கதையில் ஏசா தன் மூத்த மகன் உரிமையைப் பயற்றங்கூழுக்கு விற்றானே, அதைக்கூட ஆங்கிலத்தில் ஒரு மெஸ் கூழுக்கு விற்றதாகத்தான் சொல்வார்கள். பிறகு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டத்துக்கும் அதே பெயர் ஆகி, கப்பலுக்கும் பட்டாளத்துக்கும் போனது. குழப்பம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு! கூழ், கலவை, விலங்குகளுக்குக் கலக்கிக் கொட்டுகிற தீனி என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அங்கே வந்து நின்றது.

இங்கிலாந்தில் இன்று சாப்பாட்டுப் பொருள் பெரும்பாலும் ராணுவத்தோடு சரி. நாம்தான் ஹாஸ்டல் மெஸ், திருவல்லிக்கேணி மேன்ஷன்காரர்களின் மெஸ், தெருமுனை மெஸ் என்று அதைத் தாராளமாகப் புழங்குகிறோம், என்னைக் கேட்டால் சொல்லுக்கு நியாயம் செய்வது நாம்தான்.

ஆனால் மெஸ்ஸி என்று யாராவது சொன்னால் அதில் சாப்பாடு இல்லை, அழுக்கும் அலங்கோலமும்தான். கால்பந்துக்காரர் வேறு.