கன்னே போர், அட்டைப் படைகளோடு

கி.மு. 216-இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமானியரை வளைத்து அழித்த கன்னே போரை நானும் தம்பியும் டிபிஏ (DBA) என்ற பலகைப் போர் விளையாட்டின் விதிகளில் ஆடிப் பார்த்து வருகிறோம். ஆளுக்கு 12 பேஸ் (ஒரு படைப்பிரிவைக் குறிக்கும் துண்டு), 60 செ.மீ. சதுரப் பலகை, ஒரு பகடை, அவ்வளவுதான். ஈயப் பொம்மை வாங்கக் கட்டுபடியாகாது. 40 மி.மீ. அகல அட்டையில் படம் ஒட்டிக்கொண்டோம்.

முதல் தொல்லை, ரோமாக ஆடுகிறவனுக்கு வரலாறு தெரியும் என்பதுதான். "வந்தா மாட்டுவேன்னு தெரியுமே, நான் ஏன் வரணும்?" என்று தம்பி நடுவில் நகரவே இல்லை. ஆனால் அன்று ரோமானியத் தளபதி வர்ரோவுக்கு முன்னேறக் காரணம் இருந்தது. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குப்படி ரோம் காலாட்படை சுமார் 80,000, எதிரில் அதில் பாதிதான். குதிரையில் மட்டும் ஹன்னிபாலின் கை ஓங்கியிருந்தது, 6,000-க்கு 10,000. அதனால் ரோமுக்கு 18 பேஸ் கொடுத்தோம். பதிலுக்கு, பத்துச் சுற்றுக்குள் ஹன்னிபாலின் நடு அணியை உடைக்காவிட்டால் ரோம் தோற்றதாகக் கணக்கு. தம்பி பாய்ந்து வர ஆரம்பித்துவிட்டான்.

அடுத்தது ஹன்னிபாலின் நடு அணியில் நின்ற காலியர்கள் (Gauls). விதிப்படி அவர்கள் ரோமானிய வாள்வீரர்களைப் பகடையில் ஒரு புள்ளி முந்தினாலே அந்த பேஸ் காலி. கன்னேயில் அவர்கள் வேலை கொல்வது இல்லை, மெல்லப் பின்வாங்குவது. அந்த விதியைத் தூக்கிவிட்டோம். பகடையோடு கூட்டும் எண் ரோமானியருக்கு 5, காலியருக்கு 3 என்பதால் நடு அணி தானாகவே உள்வாங்குகிறது, இரு ஓரமும் ஹன்னிபாலின் ஆப்பிரிக்கக் காலாட்படையான லிபியர்கள் அசையாமல் நிற்கிறார்கள்.

இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு வரி. தோற்ற பேஸ் பின்வாங்க வேண்டும், ஆனால் அதன் பக்கத்திலோ முதுகிலோ எதிரி முட்டி நின்றால் அழிந்தது. ஹன்னிபாலின் இடப்பக்கக் குதிரைப்படைத் தலைவன் ஹஸ்த்ரூபாலின் குதிரைகள் ஆற்றோரம் ரோமானியக் குதிரையை விரட்டிவிட்டுச் சுற்றி வந்து முதுகில் முட்டியதும், அதுவரை ஒரு புள்ளியில் தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்த ரோம் பேஸ்கள் அடுத்தடுத்து பலகையை விட்டுப் போயின. சுற்றிவளைப்புக்கென்று தனி விதியே தேவைப்படவில்லை.

ஹன்னிபாலின் வட ஆப்பிரிக்க இலகு குதிரைப்படையான நுமிடியர்கள்தான் இன்னும் சரிவரவில்லை. சுற்றுக்கு ஒரு பகடை, அதில் விழும் எண் எவ்வளவோ அத்தனை குழுதான் நகரலாம். அந்த நகர்வெல்லாம் ஹஸ்த்ரூபாலுக்கே போய்விடுகிறது. வலப்பக்கம் எதிரிக் குதிரையைச் சீண்டிக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் சும்மா நின்று அடி வாங்குகிறார்கள். ஹன்னிபாலுக்கு இரண்டு பகடை கொடுத்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துப் பார்க்க வேண்டும். தம்பி ஒத்துக்கொண்டால்.