தோப்பு சிவந்த வரைபடம்

2022 பிப்ரவரியில், நீடாமங்கலம், மன்னார்குடிப் பகுதிகளில் தாளடிப் பயிர் (குறுவைக்குப் பின் நடும் நெல்) எப்படி நிற்கிறது என்று முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களை இறக்கி, சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் தனித்தனியே பதிந்த இரு பட்டைகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நேரடியாகத் திறந்து, அதன் ராஸ்டர் கால்குலேட்டரில் பசுமைக் குறியீட்டை, அதாவது பயிரின் பசுமையைக் காட்டும் எண்ணை, கணக்கிட்டேன். பசுமை குறைந்த இடத்துக்கு நான் கொடுத்திருந்த சிவப்பு நிறம் திரையெங்கும் பரவியது. அறுவடை நெருங்கும் காலம் என்பதால், பயிர் இந்த ஆண்டு சற்று முந்திப் பழுத்திருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அச்செடுத்துக்கொண்டு வயலுக்குப் போனபோது, நெல்லுக்குள் உளுந்து தெளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தாளை வாங்கி, தன் வாய்க்காலைத் தேடிக் கண்டுபிடித்து, சற்று நேரம் பார்த்தார். “பயிர் பழுக்குது, அதுக்குச் சிவப்பு போட்டா சரி தம்பி. தோப்பு என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். கஜா புயலுக்குத் தப்பிய தென்னந்தோப்பு அது. அதுவும் சிவந்துதான் இருந்தது.

அன்றிரவு தரவின் குறிப்புக் கோப்பைப் படித்தேன். இருண்ட பரப்புகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் அளவுகள் வெட்டுப்படாமல் இருக்க, 2022 ஜனவரி 25 முதல் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டியே தருகிறார்கள். பயன்படுத்துவோர்தான் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். குறியீடு என்பது இரு பட்டைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. வித்தியாசத்தில் அந்த ஆயிரம் அடிபட்டுப் போகும். கூட்டுத்தொகையில் இரண்டாயிரமாக நிற்கும். 4000, 400 என்று இருக்க வேண்டிய எண்கள் 5000, 1400 ஆகும்போது, 0.82 என்று வர வேண்டிய பசுமை 0.56 ஆகிவிடுகிறது. மென்பொருள் ஓர் எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. அதன் கணக்கில் தவறில்லையே!

பட்டைகள் பெருகினால் படத்தைத் தவறாகப் படிக்கும் தொல்லை தீரும் என்பதும் இல்லை. ஹைப்பீரியன் என்ற செயற்கைக்கோள் கருவியின் 242 பட்டைப் படங்களிலும் வேலை செய்திருக்கிறேன். அதன் 30 மீட்டர் பிக்சல் ஒன்று ஏறக்குறைய 22 சென்ட். நம் ஊர்க் கணக்கில் ஒரு மா நிலம் 33 சென்ட் என்பதால், வரப்பும் வாய்க்காலும் பக்கத்து வயலும் ஒரே பிக்சலில் கலந்துவிடுகின்றன. வெளிச்சம் கூடிக் குறைவதைப் பொருட்படுத்தாது என்று சொல்லப்படும், பட்டை அளவுகளைக் கோணமாக ஒப்பிடும் நிறமாலைக் கோண முறைகூட, எல்லாப் பட்டைகளும் ஒரே மடங்கில் பெருகினால்தான் அசையாது. ஒரே எண்ணைக் கூட்டினால் கோணம் மாறிவிடும்.

ஆயிரத்தைக் கழித்து மறுபடி வரைந்தபோது தோப்பு பச்சைக்குத் திரும்பியது. வயல்களிலும் பெரும்பாலானவை அப்படியே. புதிய படம் வந்தால் நெல்லைப் பார்க்கும் முன் அந்தத் தோப்பின் எண்களைப் பார்த்துவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. பெரியவரிடம் திருத்திய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவரும் முதலில் தோப்பைத்தான் தேடினார்.